வாலில் ஏறிய பாஸ்பேட் உடலுக்கு எப்படித் தெரியும்?

பல வருடங்களாக வகுப்பில் ஒரு வாக்கியத்தை மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்: “வாலில் பாஸ்பேட் ஏறியதும் பாலிமரேஸ் ஓட ஆரம்பிக்கும்.” பாலிமரேஸ் என்பது டி.என்.ஏ-வைப் படித்து ஆர்.என்.ஏ-வைக் கோக்கும் நொதி; பாஸ்பேட் என்பது புரதங்களின் மேல் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சின்ன வேதிக் குழு. பலகையில் பாலிமரேஸின் உடலாக ஒரு பெரிய வட்டம் போடுவேன். அதிலிருந்து வாலாக நெளிந்து தொங்கும் ஒரு கோடு, கோட்டின் மேல் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாஸ்பேட். வட்டத்துக்கு முன்னால் ஒரு அம்புக்குறி. மரபணுப் படியெடுப்பைப் பற்றிய பாடத்தில் அந்தப் படத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் நான் செலவழித்ததில்லை. எல்லாரும் எழுதிக்கொள்வார்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சார், பாஸ்பேட் வாலில்தானே ஏறுகிறது? டி.என்.ஏ-வைப் பிடித்திருப்பதும் ஆர்.என்.ஏ-வைக் கோப்பதும் உடல். வாலில் ஏறியது உடலுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான்.

பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அது ஏறினால் புரதத்தின் வடிவம் மாறும், வடிவம் மாறினால் வேலை மாறும் என்று பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வடிவம் மாறுகிறது என்பது உயிர்வேதியியலில் எந்தக் கேள்விக்கும் சொல்லிவிடக்கூடிய ஒன்று. அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். ஆனால் நான் சொன்னதை நோட்டில் எழுதவில்லை. அவன் எழுதாமல் விட்டது என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது.

அந்தப் பதில் எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பாஸ்பேட் ஏற்றம் என்றாலே நாம் எல்லாரும் முதலில் படிப்பது கிளைகோஜன் பாஸ்பாரிலேஸ் கதையைத்தான். எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1955-இல் கண்டுபிடித்தது. அந்த நொதியின் 14-ஆவது அமினோ அமிலமான செரினில் ஒரே ஒரு பாஸ்பேட் ஏறுகிறது, நொதி விழித்துக்கொள்கிறது. இறக்கினால் தூங்கிவிடுகிறது. 1992-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அழகான கதை, முழுக்க உண்மையும்கூட. பிரச்சினை என்னவென்றால், அந்தக் கதை மனதில் அச்சாகப் பதிந்துவிடுகிறது. அதன்பின் எந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஏறினாலும், அந்தப் புரதத்துக்கு யாரோ கட்டளை கொடுத்ததாகவே படிக்கிறோம். பாலிமரேஸ் விஷயத்தில் நான் செய்தது அதுதான். பாஸ்பாரிலேஸுக்குத் தைத்த சட்டையைப் பாலிமரேஸுக்கு மாட்டிவிட்டேன்.

படத்தில் விழாத வால்

பாலிமரேஸ் 2 என்ற அந்த இயந்திரத்தில் பன்னிரண்டு புரதத் துண்டுகள் உண்டு. அவற்றில் பெரியதன் கடைசி முனைதான் நான் வால் என்று சொல்வது. ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சொற்றொடர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது: டைரோசின், செரின், புரோலின், த்ரியோனின், செரின், புரோலின், செரின். மனிதனில் இது 52 முறை, பேக்கரி ஈஸ்டில் 26 முறை. மனித வாலில் முதல் பாதி ஏறக்குறைய நூல் பிடித்தாற்போல் இதே வரிசை. பின்பாதியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்து மாறும். ஏழில் இரண்டு புரோலின்களை விட்டால் மற்ற ஐந்திலும் பாஸ்பேட் ஏற முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே வாலில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள். ஒரு கட்டளையைச் சொல்ல இத்தனை இடம் எதற்கு? மாணவனின் கேள்விக்குள்ளேயே இந்தக் கேள்வியும் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

ரோஜர் கோர்ன்பெர்க்கின் குழு 2001-இல் ஈஸ்ட் பாலிமரேஸின் படிக அமைப்பை வெளியிட்டது. 2006-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த வேலையே அடிப்படை. அந்த அமைப்பை எத்தனையோ தடவை திரையில் சுழற்றிப் பார்த்திருக்கிறேன். தாடைகள், டி.என்.ஏ நுழையும் பள்ளம், ஆர்.என்.ஏ வெளியேறும் வழி எல்லாம் துல்லியமாகத் தெரியும். வால் மட்டும் இருக்காது. வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது, வால் அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்கென்று நிலையான வடிவம் கிடையாது, ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒவ்வொரு மாதிரி அலைந்துகொண்டிருந்ததால் எக்ஸ்ரேயில் பதியவில்லை. வடிவமே இல்லாத ஒன்றைப் பார்த்து “வடிவம் மாறும்” என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வால் கிளம்பும் இடமும் கவனிக்க வேண்டியது. ஆர்.என்.ஏ வெளியே வரும் வாயிலுக்குப் பக்கத்தில்தான் அது தொடங்குகிறது. புதிதாகப் பிறந்த ஆர்.என்.ஏ நூல் வெளியே எட்டிப் பார்த்த உடனே சந்திப்பது இந்த வாலைத்தான்.

இன்னொன்றும் உண்டு. வாலை நீக்கிய பாலிமரேஸும் சோதனைக் குழாயில் ஆர்.என்.ஏ-வைக் கோக்கும். கோக்கும் வேலைக்கு வால் தேவையே இல்லை. ஆனால் உயிருள்ள செல்லில் வாலைச் சுத்தமாக வெட்டினால் செல் பிழைக்காது, ஈஸ்டிலும் வால் ஒரு அளவுக்குக் கீழே குறுகிவிட்டால் அவ்வளவுதான். பாக்டீரியாவின் பாலிமரேஸுக்கு இப்படி ஒரு வாலே கிடையாது, அது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆக, வால் பேசுவது தன் சொந்த உடலோடு என்று நினைக்க ஆதாரம் மிகக் குறைவு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த தகவல்கள்தான். தனித்தனியாகத் தெரிந்திருந்தன, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

மேல் பட்டை, கீழ்ப் பட்டை

ஆய்வு மாணவனாக இருந்த காலத்து ஒரு தவறு அப்போது ஞாபகம் வந்தது. இந்த வாலை 1985-இல் ஜெஃப்ரி கார்டனும் மைக்கேல் டாமஸும் எலியிலும், இன்னொரு குழு ஈஸ்டிலும் வரிசைப்படுத்தினார்கள். அந்தப் பெரிய துண்டை, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டால் இரண்டு பட்டைகளாகத் தெரியும். கீழ்ப் பட்டை பாஸ்பேட் இல்லாதது, மேல் பட்டை பாஸ்பேட் நிறைய ஏறியது. மரபணுவின் தொடக்கத்தில், புரோமோட்டரில் வந்து உட்காருவது பாஸ்பேட் இல்லாத வகை. படியெடுத்துக்கொண்டு ஓடுவது பாஸ்பேட் ஏறிய வகை. நானும் ஜெல்லில் இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை செல்களை உடைக்கும் கரைசலில் சோடியம் ஃபுளோரைடைச் சேர்க்க மறந்துவிட்டேன். பாஸ்பேட்டை இறக்கும் நொதிகளான பாஸ்படேஸ்களைத் தடுப்பதற்காகச் சேர்ப்பது அது. குழாயைப் பனிக்கட்டியில் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு வேறு வேலையில் மூழ்கிப் போனேன். மறுநாள் ஜெல்லில் மேல் பட்டையைக் காணவில்லை. மருந்து கொடுத்த செல், கொடுக்காத செல் எல்லாவற்றிலும் கீழ்ப் பட்டை மட்டும்.

இரண்டு வாரம் வீணானது என்று அன்று வருத்தப்பட்டேன். இன்று அந்த ஜெல்லை வேறு மாதிரி படிக்கிறேன். செல்லை உடைத்தபோது ஏற்றுகிறவர்களின் கை ஓய்ந்துவிட்டது, ஏனென்றால் அவர்களுக்குப் பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறான ஏ.டி.பி (ATP) வேண்டும், அது கரைசலில் நீர்த்துப்போய்விட்டது. இறக்குகிறவர்களுக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை, அவர்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். அப்படியென்றால் உயிருள்ள செல்லில் இறக்குகிறவர்கள் எந்த நேரமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். மேல் பட்டை என்பது ஒருமுறை எழுதிவைத்த எழுத்து இல்லை. அழிபட அழிபட மறுபடி எழுதப்படுவதால் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும் எழுத்து. பாடப்புத்தகப் படங்களில், பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளான கைனேஸ்களுக்கு எப்போதும் பெயர் இருக்கும். பாஸ்படேஸ்களுக்கு, இருந்தால், மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி. இது எனக்கு உண்மையிலேயே மனக்குறை.

பிரேக் வாலில் இல்லை

சரி, மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஓடத் தொடங்குவது என்றால் எது? இரண்டு இடங்கள் இருக்கின்றன, இரண்டையும் என் ஒற்றை அம்புக்குறி ஒன்றாகக் குழைத்துவிட்டது. முதலாவது, புரோமோட்டரை விட்டுக் கிளம்புவது. மீடியேட்டர் என்ற பெரிய புரதக் கூட்டம் பாஸ்பேட் இல்லாத வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும். டி.எஃப்.டூ.எச் என்ற காரணிக்குள் இருக்கும் சிடிகே7 கைனேஸ் வந்து, அந்த ஏழெழுத்துத் தொடரின் ஐந்தாவது இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏற்றும். பிடி தளரும். அந்தக் கைனேஸை ஈஸ்டில் முடக்கினால் மீடியேட்டர் விலகாமல் புரோமோட்டரிலேயே தங்கிவிடுகிறது. இங்கே என் பழைய வாக்கியத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இங்கேயும் வால் உடலுக்கு எதையும் சொல்லவில்லை. கரையில் கட்டியிருந்த கயிறு அவிழ்கிறது, படகுக்குள் ஒன்றும் மாறவில்லை.

இரண்டாவது இடம்தான் எனக்குத் திருப்பமாக அமைந்தது. விலங்குகளின் பல மரபணுக்களில் பாலிமரேஸ் கிளம்பி இருபது முதல் அறுபது எழுத்துகள் வரை கோத்துவிட்டு நின்றுவிடும். ஈயின் வெப்ப அதிர்ச்சி மரபணுவான எச்.எஸ்.பி-70-இல் ஜான் லிஸ் குழுவினர் 1980-களிலேயே இதைப் பார்த்தார்கள். சூடு வருவதற்கு முன்பே பாலிமரேஸ் அங்கே ஏறி, கொஞ்சம் ஆர்.என்.ஏ-வையும் கோத்துவிட்டு, காத்துக்கொண்டிருக்கிறது. சூடு பட்டதும் சில நிமிடங்களுக்குள் கிளம்புகிறது. ரொம்ப நாள் இதை ஏதோ ஒரு விதிவிலக்கு என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2007 வாக்கில் முழு மரபணுத் தொகுதியையும் அளந்து பார்த்தபோது, ஈயிலும் மனித செல்களிலும் ஏராளமான மரபணுக்களில் இப்படி நிற்பது தெரிய வந்தது.

இந்த நிற்றலை விடுவிப்பது பி-டெஃப்-பி என்ற கைனேஸ், அதன் உள்ளே இருப்பது சிடிகே9. டி.ஆர்.பி என்ற வேதிப்பொருள் படியெடுப்பைத் தொடக்கத்திலேயே முறித்துவிடுகிறது, ஏன் என்று துருவிக்கொண்டு போன டேவிட் பிரைஸின் ஆய்வகம்தான் 1995-இல் ஈயின் செல்சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. பி-டெஃப்-பி வாலின் இரண்டாவது இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏற்றும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. நானும் அதையேதான் சொன்னேன்: இரண்டாவது செரினில் ஏறியது, அதனால் ஓடியது. இந்த “அதனால்” எங்கிருந்து வந்தது? மாணவன் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மூலக் கட்டுரைகளைத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது, பிரேக் வாலில் இல்லவே இல்லை. டி.ஆர்.பி-க்குப் படியெடுப்பு ஏன் பணிகிறது என்று தேடிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-இலும் 1999-இலும் இரண்டு காரணிகளைக் கண்டுபிடித்தார்கள்: டிசிஃப், நெல்ஃப். இவை இரண்டும் சேர்ந்து பாலிமரேஸின் உடலைப் பிடித்து நிறுத்துகின்றன. பி-டெஃப்-பி இவற்றிலும் பாஸ்பேட் ஏற்றுகிறது. டிசிஃப்பின் ஒரு பாதியான எஸ்பிடி5-இல் ஏறியதும், அதுவரை தடுத்துக்கொண்டிருந்த அதுவே ஓட்டத்துக்குத் துணையாக மாறிவிடுகிறது. நெல்ஃப் கழன்று போகிறது.

2018-இல் பாட்ரிக் கிராமரின் குழு நின்றுபோன பாலிமரேஸையும் ஓடும் பாலிமரேஸையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்து இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டது. அந்தப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நின்றுபோன நிலையில், நடு இதயத்தில், ஆர்.என்.ஏ-வும் டி.என்.ஏ-வும் இணைந்திருக்கும் துண்டு சற்றே சாய்ந்து கிடக்கிறது. அடுத்த எழுத்து வந்து உட்கார இடம் சரியாக அமையவில்லை. நெல்ஃப் உடலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடும் நிலையில் நெல்ஃப் இருந்த இடத்தோடு மோதும் இடத்தில் பாஃப் என்ற வேறு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. எஸ்பிடி6 என்ற இன்னொரு காரணியும் வந்திருக்கிறது. அது பிடித்திருப்பது வாலை உடலோடு இணைக்கும் கழுத்துப் பகுதியை, அதுவும் பாஸ்பேட் ஏறிய நிலையில். உடலுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டானே, இதோ இப்படித்தான். பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் பாஸ்பேட் ஏறுகிறது. அவர்கள் இடம் மாறுகிறார்கள். உடல் விடுபடுகிறது. என் படத்தில் இந்தப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. வெறும் வட்டமும் வாலும் வரைந்துவிட்டு, வாலின் தலையில் எல்லாப் பொறுப்பையும் ஏற்றியிருந்தேன்.

எச்.ஐ.வி இதைத் தன் வழியில் பயன்படுத்திக்கொள்கிறது. அதன் மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும் பாலிமரேஸும் சீக்கிரமே நின்றுவிடும், குட்டை ஆர்.என்.ஏ-க்கள்தான் கிடைக்கும். வைரஸின் டாட் என்ற புரதம், புதிதாக வெளிவந்த ஆர்.என்.ஏ-வில் இருக்கும் ஒரு மடிப்பைப் பிடித்துக்கொண்டு பி-டெஃப்-பி-யைக் கையோடு இழுத்துவந்து சேர்க்கிறது. பி-டெஃப்-பி-யில் பெரும்பகுதியைச் செல் எந்நேரமும் 7எஸ்கே என்ற சிறிய ஆர்.என்.ஏ-வோடும் ஹெக்சிம் புரதத்தோடும் கட்டிப்போட்டுத்தான் வைத்திருக்கிறது. அந்தக் கட்டிலிருந்து உருவிக்கொண்டு வருகிறது டாட். ஒரு வைரஸ் தன் பிழைப்பையே நம்பி வைத்திருக்கும் இடம் இதுதான் என்பதைவிட, நிற்றலை விடுவிப்பது எவ்வளவு முக்கியமான கட்டம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் வாலுக்கு என்ன வேலை?

இத்தனைக்கும் பிறகு வால் வெறும் அலங்காரம் என்று யாராவது நினைத்தால் அது இன்னும் பெரிய தவறு. 2011-இல் பியாட்ரிஸ் ஷ்வேரும் ஸ்டூவர்ட் ஷூமனும் பிளவு ஈஸ்டில் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். வாலில் திரும்ப வரும் தொடர்களில் ஐந்தாவது இடத்துச் செரினை எடுத்துவிட்டு, பாஸ்பேட் ஏற முடியாத அலனினை வைத்தார்கள். செல்கள் செத்தன. அதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்ததுதான் விஷயம். ஆர்.என்.ஏ-வின் தலையில் தொப்பி போடும் நொதியை, பாலூட்டியிலிருந்து எடுத்து, அந்தக் குறைபட்ட வாலின் நுனியிலேயே நேரடியாக ஒட்டிவிட்டார்கள். செல்கள் பிழைத்துக்கொண்டன.

இதன் பொருளை நிதானமாக யோசித்தால் மலைப்பாக இருக்கும். ஐந்தாவது செரினில் ஏறும் பாஸ்பேட்டுக்கு எத்தனையோ வேலைகள் பட்டியலிடப்பட்டிருந்தன. டி.என்.ஏ சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களில் மெத்தில் குறி போடும் நொதியை அழைப்பது, மீடியேட்டரை விலக்குவது என்று நீளமான பட்டியல். ஆனால் அந்த ஈஸ்ட் உயிரோடிருக்க, அந்தப் பாஸ்பேட் கட்டாயம் செய்து தர வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். தொப்பி போடுபவரை, ஆர்.என்.ஏ எட்டிப் பார்க்கும் நேரத்துக்கு, வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது. அதை வேறு வழியில் செய்து கொடுத்துவிட்டால் பாஸ்பேட் இல்லாமலும் பிழைப்பு ஓடும். ஆர்.என்.ஏ இருபது இருபத்தைந்து எழுத்து நீளமாகி வெளியே தலைகாட்டியதும் தொப்பி விழ வேண்டும். விழாவிட்டால் நொதிகள் அதைத் தின்றுவிடும். அந்தக் கணத்தில் சரியான ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

அதே ஈஸ்டில் இரண்டாவது செரின்களை மாற்றியபோது செல்கள் வளர்ந்தன. சும்மா வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் அந்தப் பாஸ்பேட் இல்லாமலும் காலம் தள்ள முடிகிறது. ஆனால் பட்டினி வந்து, எதிர்பாலினத்தோடு சேர வேண்டிய கட்டம் வரும்போது தடுமாறுகின்றன, அதற்கான மரபணு ஒன்று சரியாக எழுந்திருக்க மறுக்கிறது. இரண்டாவது செரின் என்றால் ஓட்டம் என்று நான் போட்டிருந்த சமன்பாட்டை இதைவிடத் தெளிவாக உடைக்க முடியாது. அந்தச் செரின் மேலுள்ள பாஸ்பேட்டை அடையாளம் கண்டு வருபவர்களில் முக்கியமானவர்கள், ஆர்.என்.ஏ-வை வெட்டி முடித்து அதன் முனையில் அடினின் எழுத்துகளின் வரிசையைச் சேர்க்கும் கூட்டத்தார். மனித செல்களில் சிடிகே9 மட்டுமில்லாமல் சிடிகே12-உம் அந்த இடத்தில் ஏற்றுகிறது. அதாவது ஓட்டத்தின் நடுவிலும் இறுதியிலும் தேவைப்படும் ஆட்களைச் சேர்த்து வைப்பது அதன் வேலையில் பெரும் பங்கு.

சராசரியை வாழ்க்கை என்று படித்தது

எல்லாருக்கும் தெரிந்த ஒரு வரைபடம் உண்டு. ஸ்டீபன் புராடோவ்ஸ்கியின் குழு 2000-இல் ஈஸ்டில் காட்டியது. மரபணுவின் தொடக்கத்தில் ஐந்தாவது செரின் பாஸ்பேட் உயர்ந்திருக்கும், போகப்போகக் குறையும். இரண்டாவது செரின் பாஸ்பேட் தொடக்கத்தில் தாழ்ந்திருக்கும், போகப்போக ஏறும். இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். இந்தத் துறையையே திருப்பிவிட்ட படம் அது, அதன் மதிப்பை நான் துளியும் குறைக்கவில்லை. ஆனால் அது லட்சக்கணக்கான செல்களின் சராசரி. ஒரு பாலிமரேஸின் வாலில் அந்த நொடியில் எந்தெந்தத் தொடரில் பாஸ்பேட் இருந்தது என்று அது சொல்லாது. அளப்பது எதிர்பொருள்களால், அதாவது குறிப்பிட்ட பாஸ்பேட்டை அடையாளம் கண்டு ஒட்டும் புரதங்களால். பக்கத்துச் செரினில் பாஸ்பேட் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே சில எதிர்பொருள்கள் ஒட்டும் விதம் மாறும். வேறு புரதம் அந்த இடத்தை மூடியிருந்தாலும் எதிர்பொருளால் நெருங்க முடியாது. கோடு தாழ்ந்திருப்பதைப் பார்த்து அங்கே பாஸ்பேட் இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம்.

நேரடியாக எண்ணிப் பார்த்துவிடலாமே என்றால், வால் அதற்கும் இடம் கொடுப்பதில்லை. மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறமாலை எடைமானியில் புரதத்தை அனுப்பும் முன் டிரிப்சின் என்ற நொதியால் துண்டாக்குவார்கள். டிரிப்சின் வெட்டுவது லைசின், ஆர்ஜினின் இருக்கும் இடத்தில். வாலின் அடிப்படைத் தொடரில் இரண்டுமே இல்லை. எப்படியோ வெட்டினாலும் எல்லாத் துண்டும் ஒரே முகம், எது எத்தனையாவது என்று சொல்ல முடியாது. 2016-இல் இரண்டு குழுக்கள் வாலின் வரிசையையே ஆங்காங்கே மாற்றி எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி அடையாளம் கொடுத்து, அளந்து முடித்தன. இரண்டாவது, ஐந்தாவது செரின்களே மிகப் பெரும்பான்மை. ஏழாவது செரின், த்ரியோனின், டைரோசின் எல்லாம் அவற்றோடு ஒப்பிட்டால் சொற்பம். பெரும்பாலான தொடர்களில் ஒரே ஒரு பாஸ்பேட்தான். ஐந்து இடங்களிலும் ஏறி இறங்கி விதவிதமான சொற்களை எழுதும் ரகசிய மொழி என்ற கற்பனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வகுப்பிலும் ஆர்வமாகச் சொல்லியிருக்கிறேன். அளந்து பார்த்தபோது வால் அத்தனை வாயாடியாக இல்லை.

ஆனால் அந்த ஒற்றைப் பாஸ்பேட்டுக்குள்ளேயே நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. ஐந்தாவது செரினை அடுத்து வருவது புரோலின். புரோலினின் முதுகெலும்பு இரண்டு விதமாக வளையும், நேராக ஒன்று, மடங்கி ஒன்று. ஐந்தாவது செரினிலிருந்து பாஸ்பேட்டை இறக்கும் எஸ்எஸ்யு72 என்ற பாஸ்படேஸ் மடங்கிய வளைவை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. ஒரு வளைவிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிட வேறொரு நொதி இருக்கிறது. அதே பாஸ்பேட், அதே செரின், ஆனால் பக்கத்துக் கணு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதை அழிக்க முடியும் அல்லது முடியாது. எஸ்எஸ்யு72, ஆர்.என்.ஏ-வை வெட்டி முடிக்கும் கூட்டத்திலேயே ஒரு அங்கம். முடிக்கிறவரே அழிக்கிறவராகவும் இருக்கிறார்.

அழிப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? புரோமோட்டரில் போய் உட்காரும் தகுதி பாஸ்பேட் இல்லாத வாலுக்குத்தான். இறக்காமல் விட்டால் ஒரு சுற்று ஓடி முடித்த பாலிமரேஸ் அடுத்த சுற்றுக்கு வர முடியாது. அதனால் எஃப்சிபி1 என்ற இன்னொரு பாஸ்படேஸும் சேர்ந்து வாலைத் துடைத்துக் கொடுக்கிறது. உடலின் வேகத்தைப் பற்றிப் பேசினால் அங்கேயும் எஸ்பிடி5 திரும்ப வருகிறது. மரபணுவின் முடிவைத் தாண்டியதும் பிபி1 என்ற பாஸ்படேஸ் எஸ்பிடி5-இலிருந்து பாஸ்பேட்டை இறக்குகிறது, பாலிமரேஸின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததால் பின்னாலிருந்து மீதி ஆர்.என்.ஏ-வைத் தின்றுகொண்டே துரத்திவரும் நொதி எட்டிப் பிடித்துவிடுகிறது. பாலிமரேஸ் டி.என்.ஏ-வை விட்டு விழுகிறது. தொடக்கத்தில் பிரேக்கை எடுத்தது எஸ்பிடி5-இல் பாஸ்பேட் ஏறியது, முடிவில் பிரேக் போட்டது அங்கிருந்து பாஸ்பேட் இறங்கியது.

அடுத்த பருவத்தில் அதே பாடம் வந்தபோது பழைய படத்தை வரையவில்லை. போன தடவை நான் சொன்ன பதில் தவறு என்று அந்த மாணவனிடமும் முன்பே சொல்லியிருந்தேன். அவன் உடனே, “அப்படியானால் எஸ்பிடி5-இல் பாஸ்பேட் ஏற்ற பி-டெஃப்-பி எந்த மரபணுவுக்கு எப்போது வர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?” என்று கேட்டான். அதற்கு ஒரு பதில் இல்லை, பல பதில்கள். சில இடங்களில் பிஆர்டி4 என்ற புரதம், சில இடங்களில் டி.என்.ஏ-வைப் பிடிக்கும் ஒரு காரணி, எச்.ஐ.வி-யில் டாட். அன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். இப்போது பலகையில் வட்டத்தை வரைந்ததும், வாலைத் தொடுவதற்கு முன், வட்டத்தை ஒட்டி டிசிஃப்பையும் நெல்ஃப்பையும் வரைகிறேன். மீடியேட்டரையும் தொப்பி போடுபவரையும் வரைகிறேன். எஸ்எஸ்யு72-க்கும் எஃப்சிபி1-க்கும் கைனேஸ்களுக்குக் கொடுத்த அதே அளவு இடம். பலகை நிரம்பிவிடுகிறது. பாடத்துக்கு மூன்று நிமிடம் போதவில்லை, முழு வகுப்பும் தேவைப்படுகிறது. புள்ளிகளை மட்டும் சாக்பீஸால் கடைசியில் போடுகிறேன், போட்ட உடனே சிலவற்றை விரலால் அழித்துவிட்டு, அடுத்தது எங்கே வர வேண்டும் என்று அவர்களையே கேட்கிறேன்.